ஏணையும் ஏரிக்கரையும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரையில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளும் கைப்பேசித் தொழிற்சாலைகளும் நிறைந்து நிற்கும் நிலப்பரப்பு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரையில் ஏரிப் பாசனத்தை நம்பி ஜீவித்த கிராமங்களின் பூமியாக இருந்தது. மாத்தூர், வல்லம், வடகால் முதலிய ஊர்களில் நடவுக் காலம் வந்துவிட்டால், பிரசவித்துச் சில மாதங்களே ஆன ஏழை ஸ்திரீகளும் கழனியில் இறங்கியே தீரவேண்டியிருந்தது. பழஞ்சேலை ஒன்றை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏணையாகக் கட்டிக் குழந்தையை அதில் கிடத்திவிட்டு நாற்றுமுடியைக் கையில் எடுப்பார்கள். அழுகுரல் கேட்டதும் சேற்றுக் காலோடு கரையேறிப் பாலூட்டி, ஏணையை ஆட்டிக்கொண்டே நாலு அடி பாடிவிட்டு, மறுபடியும் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அப்படி ஒருத்தி கரையில் நின்று பாடியது குழந்தையின் காதில் விழுந்ததைப் போலவே, கழனியில் குனிந்து நின்ற மற்றப் பெண்களின் காதிலும் விழுந்தது. குழந்தைக்கு அதன் பொருள் விளங்காது, விளங்கவேண்டியவர்களுக்கு விளங்கும்.

தாலாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆயினும், பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டி வைத்திருந்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’யையும், நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளையும் பொறுமையுடன் படிக்கிறவர்களுக்கு, அப்பாடல்களின் உள்ளே இருந்து பேசுகிறவள் தாய்தான் என்பதும், தன்னுடைய துயரத்தையும் பெருமிதத்தையுமே அவள் பேசுகிறாள் என்பதும் தெளிவாகிவிடும். யார் அடித்ததனால் அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்கும் பாவனையில் அத்தையையும் பாட்டியையும் ஒவ்வொருவராக அவள் பெயர் சொல்லி அழைக்கிறாள். தாய்மாமன் கொண்டுவரப்போகும் பொன்னையும் பட்டையும் விஸ்தாரமாக வருணிக்கிறாள். அந்த மாமன் யார்? அவளுடைய உடன்பிறந்தவன் அல்லவா? புகுந்த வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டின் மகிமையை உரத்துப் பேசுவதற்கு வேறு எந்தச் சந்தர்ப்பமும் வாய்க்காத ஒரு மருமகளுக்கு, அடுத்த அறையில் மாமியார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்வதற்கான உரிமையைத் தாலாட்டு என்ற ஒரே சம்பிரதாயம் வழங்கியிருந்தது. குழந்தையைத் தூங்கவைக்கிறவளை அதட்டி நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே சாட்சி இருக்கிறது. 1017-ஆம் ஆண்டில் ராமாநுஜர் அவதரித்த தலமாக வைணவர்கள் போற்றும் இவ்வூரின் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் ஓதப்படும் திவ்யப் பிரபந்தத்துள், நமக்குக் கிடைத்துள்ள தமிழ்த் தாலாட்டுகளில் மிகத் தொன்மையானவை அடங்கியுள்ளன. பெரியாழ்வார் யசோதையாகித் தொட்டிலை ஆட்டுகிறார். அதன் பின் செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை என்று குழந்தையின் உடல் அசைவுகளைத் தொடர்ந்தே அவருடைய பதிகங்கள் நடக்கின்றன. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவங்களாக வகுத்துக்கொண்டதும் இந்த அசைவுகளைத்தான். எனக்கு இவற்றைக் காட்டிலும் வியப்பாகத் தோன்றுவது குலசேகராழ்வாரின் செய்கை. பெருமாள் திருமொழியின் எட்டாம் பத்தில் கண்ணபுரத்து ராமனுக்குத் தாலாட்டுப் பாடுகிற அவர், அதற்கு முந்திய ஏழாம் பத்திலேயே, பெற்ற பிள்ளையைத் தாலாட்டும் பாக்கியத்தை இழந்த தேவகியின் புலம்பலைப் பாடி முடித்துவிடுகிறார். தாலாட்டு தாய்க்கு உரிய ஓர் அநுபவம் என்பதையும், அது கிட்டாமற்போனால் அவள் உள்ளம் வெறுமையடையும் என்பதையும், ஓர் அரசர், ஓர் ஆண்மகன், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்.

பாட்டோடு அசைவும் சேர்ந்தே வந்தது. பாட்டி இரு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, கணுக்காலின் மேல் சிசுவைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவதும், வேலை செய்துகொண்டிருக்கும் தாய் ஏணையில் கட்டிய கயிற்றைக் கால்விரலில் மாட்டி இழுப்பதும், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் உலாவுவதும் எல்லாம் ஒரே தாளத்துக்கு உட்பட்டவை. தாய் எடுத்துக்கொண்டு நடக்கும்போது சிசுவின் இருதயத் துடிப்பு உடனே தணிகிறது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் அளந்து காட்டினார்கள். நம் பாட்டிமார் அளக்கவில்லை. ஆனால் குழந்தை அடங்காத இரவுகளில் மகளின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு நடந்தார்கள், மகளும் அந்த நாழிகை கண்ணயர்ந்தாள்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்ற நியமத்தின் உட்பொருள் இதுவே. ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி நலங்கு பாடி அழைத்துச் சென்றவர்கள், பிரசவித்தவளைப் பத்தியச் சோறு, காயம், எண்ணெய்க் குளியல் என்ற கிரமத்துக்குள் சில மாதங்கள் வைத்திருந்து, அதன் பிறகே கணவன் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. தகப்பன் அதில் விருந்தாளியாகவே இருந்தான். பெண் குழந்தை பிறந்த வீட்டில் பல சமயங்களில் தாலாட்டின் குரலே தாழ்ந்துபோயிற்று. தாயின் துக்கத்தை இந்த ஏற்பாடு முற்றிலும் தடுத்ததென்று கூறவும் இயலாது. மேற்கே வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானது தெரியவந்தது. அதற்கான காரணங்களாக ஆய்வாளர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவி இன்மை. இந்த வரிசையைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். மருத்துவர்கள் கேள்வி கேட்டு அறிந்துகொண்ட அதே குறைகளை, கேள்வி கேட்பார் இல்லாத காலத்தில், தாய்மார் ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடித் தீர்த்திருக்கிறார்கள்.

பிறகு பூமி மாறியது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கோள் செய்தது. 1998-இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கலாயிற்று. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். 2014-இல் அது மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. இன்று சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிலும் கைப்பேசித் தொழில் மீண்டும் தழைத்திருக்கிறது. சம்பாத்தியத்தை இப்பெண்கள் கையில் முதன்முதலாகக் கொடுத்த இந்த மாறுதலைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கழனிச் சேற்றில் பச்சையுடம்போடு நின்ற காலத்தை எவரும் மீண்டும் விரும்பமாட்டார்கள். எனினும் இத்தொழில் மனத்தில் கொண்டிருந்த பெண் கல்யாணமாகாத யுவதி. வல்லம் வடகாலில் 2024-இல் அரசு திறந்துவைத்த பிரம்மாண்டமான விடுதியில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஏணை கட்டுவதற்கு இடம் வேண்டும் என்ற எண்ணமே எழ நியாயமில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், இப்பகுதியிலுள்ள ஓர் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்கு விலக்கப்படுகிறார்கள் என்ற செய்தி வெளியாகி, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும்படி ஆயிற்று.

மணமானவர்கள் வாடகை அறைகளில் குடியிருக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், அப்பால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பதிகள், அண்டை அறைக்காரரின் பாஷையும் அறியாமல், ஒற்றை அறையில் முதல் குழந்தையை வளர்க்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் தகப்பன் ஏணையை ஆட்டுகிறான். அவனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை, ஆகையால் கைப்பேசி பாடுகிறது. பழைய ஏற்பாட்டில் விருந்தாளியாக இருந்தவன் இன்று ஏணையின் அருகே வந்துவிட்டான் என்பதை நான் பெரும் முன்னேற்றமாகவே கருதுகிறேன். அவன் வந்துசேர்ந்த வேளையில் பாட்டி அங்கே இல்லை.

தொழில் மிகுந்த இடத்தில் தாய்க்குக் குழந்தையோடு என்ன நேருகிறது என்பதை, நம்மவருள் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் முன்னமே அநுபவித்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் தாய் தன் சிசுவைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறுவாள். அங்கே ஆயம்மா ஒருத்தி வரிசையாகக் கட்டிய ஏணைகளை ஆட்டுவாள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுள் தாலாட்டும் இருக்கிறது. துரையையும் கங்காணியையும் குளிரையும் பற்றிய முறையீடு இருக்கிறது. அந்த ஜனங்கள் பாட்டைத் தோட்டத்துக்கும் எடுத்துச் சென்றார்கள். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரே ஊர்க்காரர் நெருங்கி வாழ்ந்தமையால் அது அவர்களுக்குச் சாத்தியமாயிற்று.

நம் சட்டம் தயை உடையது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, சம்பளத்தோடு கூடிய விடுப்பு பன்னிரண்டு வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாள்தோறும் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் விதிக்கப்பட்டது. காலத்தையும் இடத்தையும் சட்டம் அளித்தது. துணையைச் சட்டத்தால் அளிக்க இயலாது. லண்டனில் மனச்சோர்வுற்ற 134 தாய்மாரிடம் பரீட்சித்து 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்து வாரம் கூட்டமாகப் பாடியவர்களுள், சோர்வு மிகுந்திருந்தவர்கள், அவ்வாறு பாடாமல் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறியது தெரிந்தது. அங்கே அவர்கள் புதிதாக ஏற்படுத்தவேண்டியிருந்த கூட்டம் இங்கே ஏரிக்கரையில் தானாகவே கூடியிருந்த கூட்டம்.

அதை மீண்டும் கூட்டுவதற்கு வேண்டியவர்கள் தொலைவில் இல்லை. நம் அங்கன்வாடிகள் கர்ப்பிணிகளை ஒன்றுசேர்த்துச் சமுதாய வளைகாப்பு நடத்தப் பழகியிருக்கின்றன. அதே பெண்களை, அவர்களுடைய கணவன்மாரோடும் கைக்குழந்தைகளோடும், பிரசவத்துக்குப் பின் வாரம் ஒரு மாலை அழைத்துப் பாடச் செய்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. நிலத்தை விற்றுவிட்டு இந்த ஆலைகளிலேயே தரை துடைக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிற, அறுபது பிராயத்தை நெருங்கிய ஸ்திரீகள் வல்லத்திலும் மாத்தூரிலும் இருக்கிறார்கள். கழனிக் கரையில் ஏணை கட்டிப் பாடிய கடைசித் தலைமுறை அவர்கள். காப்பகங்களுக்கு ஆயாக்களை நியமிக்கும்போது அவர்களை முதலில் கேட்கலாம். துடைப்பத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிட அதற்குச் சற்று அதிகமாகவே கொடுக்கலாம்.