ஒரு சென்ட் அபராதம்



பயிற்சிக் கல்லூரியை முடித்துப் பணியில் சேரும் நாம் அனைவரும் தகுதிகாண் பருவத்தைக் கடந்தே நிரந்தர ஆசிரியராகிறோம். அப்பருவத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘புரோபேஷன்’ என்னும் சொல்லே, குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே கண்காணித்துத் திருத்தும் நன்னடத்தை முறைக்கும் பெயராக உள்ளது. சோதித்துப் பார்த்தல் என்பதே அதன் இலத்தீன் வேர்ச்சொல்லின் பொருள். இப்பெயரை அம்முறைக்கு நிலைபெறச் செய்தவர் சட்டம் பயின்றவர் அல்லர். காலணி தைத்துப் பிழைத்தவர்.

அவர் பெயர் ஜான் அகஸ்டஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கடை வைத்திருந்தார். 1841ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் காலை அவர் நீதிமன்றத்தில் இருந்தபோது, கந்தல் உடையுடன் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினர். ஓயாத குடிகாரர் என்பது குற்றச்சாட்டு. சிறைவாசம் உறுதி என்ற நிலையில், அகஸ்டஸ் அவரிடம் சில வார்த்தைகள் பேசினார். தம்மைக் காப்பாற்றினால் இனிக் குடிப்பதில்லை என்றார் அந்த மனிதர். நீதிபதியின் அனுமதியோடு அகஸ்டஸ் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து இருவரும் மீண்டும் வந்தபோது, அவர்தாமா இவர் என்று பார்த்தவர்கள் வியந்தனர். நீதிபதி விதித்த அபராதம் ஒரே ஒரு சென்ட். அதனுடன் வழக்குச் செலவு. சிறைத் தண்டனை இல்லை.

அகஸ்டஸ் இரக்கத்தால் மட்டும் பிணை நின்றவர் அல்லர். ஒருவரின் வயது, கடந்தகால நடத்தை, வாழும் சூழல் ஆகியவற்றை முதலில் விசாரிப்பார். திருந்தக்கூடியவர் என்று நம்பினால் மட்டுமே ஏற்பார். பின்னர் வேலை, தங்குமிடம் தேடிக் கொடுப்பார். சிறுவராயின் பள்ளியில் சேர்ப்பார். எல்லாவற்றையும் குறித்து வைத்து, தவணை நாளில் நீதிமன்றத்திற்குத் தெரிவிப்பார். இன்றைய நன்னடத்தை அதிகாரி செய்யும் பணியும் ஏறக்குறைய இதுவே. 1847இல் அவர் பிணை எடுத்தவர்களுள் ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான பத்தொன்பது சிறுவர்களும் இருந்தனர்.

எதிர்ப்பும் இருந்தது. ஒருவர் சிறைக்குச் செல்லாவிடில் காவலருக்குக் கிடைக்கவேண்டிய கட்டணம் நின்றுபோகும். ஆகவே அவர்கள் இவரை வெறுத்தனர். இவரது கடை வியாபாரமும் நலிந்தது. ஆயினும் 1859இல் மறையும் முன், 1,946 பேருக்கு அவர் பிணை நின்றிருந்தார். ஊதியம் எதுவும் பெறவில்லை.

அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1878இல், பாஸ்டனில் நன்னடத்தை அதிகாரியை நியமிக்க மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றியது. 1907இல் இங்கிலாந்தும் இதற்கெனச் சட்டம் கண்டது. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் உள்ளது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குத் தீர்ப்பளிக்கும் முன், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். அகஸ்டஸ் அன்று தாமாகச் செய்த விசாரணை இன்று சட்டமாகிவிட்டது.

இதை எழுதும்போது என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் காணாமற்போன பணத்திற்கு அவனே காரணம் என்று தெரிந்தது. பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால், அதன்பின் எது தொலைந்தாலும் எல்லார் கண்களும் அவன் பக்கமே திரும்பின, என் கண்களும்தாம். அவனிடம் தனியே அமர்ந்து பேச எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்திருக்கும். நான் பேசவில்லை. ஆண்டிறுதியில் அவன் பள்ளி மாறிச் சென்றுவிட்டான்.

புதிய ஆசிரியருக்குத் தவறித் திருந்தத் தகுதிகாண் பருவம் தருகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை நாம்தாமே தர வேண்டும்? பிள்ளைக்குப் பிணை நிற்க நீதிமன்றம் தேவையில்லை. வகுப்பறையும் வீடும் போதும்.