ஆங்கிலச் சொற்களில் ஓடும் நீர்

நம் ஆங்கிலத் துறையின் பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அன்பின் கட்டளை, மகிழ்ந்து ஏற்றேன். துறை வளர்ந்த வரலாற்றைத் தகுதியுடையோர் பலர் இம்மலரிலேயே எழுதுகின்றனர். என் நெஞ்சுக்கு நெருக்கமான பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஓடும் நீரை ஆங்கிலம் எப்படியெல்லாம் அழைத்திருக்கிறது என்பதே அது.

இந்த ஆய்வில் என் ஆசான் ஐலெர்ட் எக்வால். அவர் ஆங்கிலேயர் அல்லர். சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். இங்கிலாந்தின் ஆற்றுப் பெயர்களை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1928இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. ஒரு பெயர் பழைய ஆவணங்களில் எந்தெந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காலவரிசையில் அடுக்கிய பிறகே அவர் பொருள் சொல்லப் புகுவார். அயல்மொழி ஒன்றுக்கு ஒருவர் இத்தனை பொறுமையோடு செய்த தொண்டைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரைத் தழுவி ஓடும் ஏவான், ஆங்கிலம் அத்தீவுக்கு வருமுன்பே பெயர் பெற்றுவிட்ட ஆறு. வேல்ஸ் மொழியில் இன்றும் ஆற்றுக்கு 'அவோன்' என்பதே சொல். தேம்ஸின் பெயரையோ ஜூலியஸ் சீசரே எழுதி வைத்திருக்கிறார்.

'ரிவர்' கூட ஆங்கிலத்தின் பிறவிச் சொல் அன்று. 1066இல் நார்மானியர் வென்ற பின் பிரெஞ்சு வழியாக வந்தது. கரையைக் குறிக்கும் 'ரீபா' என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். அதற்கு முன் வழங்கிய 'ஏஅ' இன்று ஈட்டன் போன்ற ஊர்ப்பெயர்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஈட்டன் என்றால் ஆற்றோரப் பண்ணை.

சிற்றோடைகளிடம் வந்தால்தான் உண்மையான செல்வம் தெரியும். யார்க்‌ஷயரிலும் கம்பிரியாவிலும் ஓடை 'பெக்'. அது 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர் விட்டுச் சென்ற சொல். ஸ்காட்லாந்தில் 'பர்ன்', 1314இல் இராபர்ட் புரூஸ் வெற்றி கண்ட பானக்பர்ன் ஓர் ஓடையின் பெயர். தெற்கே அதே சொல் 'போர்ன்' ஆகிறது. 'புரூக்' என்பதும் ஓடைதான். அப்படியானால் பழைய ஆங்கிலக் குடியானவனுக்கு இரண்டு சொற்கள் எதற்கு? மார்கரெட் கெல்லிங்கும் ஆன் கோலும் இதற்கு விடை கண்டார்கள். அவர்கள் ஊர்ப்பெயர்களை நூலில் மட்டும் பார்க்கவில்லை, நிலத்தோடு ஒப்பிட்டார்கள். சுண்ணப்பாறை நிலத்தில் சரளைக் கற்கள்மேல் தெளிந்து ஓடுவது போர்ன். களிமண் நிலத்தில் கலங்கி, சேறு சுமந்து செல்வது புரூக். பெயரைக் கேட்டதும் இது குடிக்க ஆகுமா, ஆகாதா என்று வழிப்போக்கனுக்கு விளங்கியிருக்கும்! எழுத்தறியாத மக்கள் மண்ணையும் நீரையும் இவ்வளவு நுட்பமாகப் பகுத்திருக்கிறார்கள்.

டார்செட், வில்ட்‌ஷயர் பகுதிகளில் 'விண்டர்போர்ன்' என்று தொடங்கும் ஊர்கள் பல உண்டு. அங்கே கோடையில் போனால் வெறும் புல்தடம்தான் தெரியும். இலையுதிர்கால மழை சுண்ணப்பாறைக்குள் இறங்கி, நிலத்தடி நீர்மட்டம் ஏறிய பின், குளிர்காலத்தில்தான் ஊற்று திறந்து அந்தத் தடத்தில் தண்ணீர் வரும்.

இதை எண்ணும்போது திருமறை நினைவுக்கு வருகிறது. ஆண்டவர் பாடுபட்ட இரவில் சீடரோடு கடந்து சென்ற கெதரோனுக்கு யோவான் இட்ட கிரேக்கச் சொல்லின் பொருளும் குளிர்கால ஓட்டமே. 1611இன் ஆங்கில வேதாகமம் அதைப் 'புரூக்' என்றது. நம் தமிழ் வேதாகமம் 'ஆறு' என்கிறது. எலியாவுக்குக் காகங்கள் உணவு கொண்டுவந்த கேரீத்தும் அப்படியே. மழை பொய்த்ததும் கேரீத் வற்றிய செய்தி, கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆறுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

கடல் தாண்டியும் ஆங்கிலம் அந்தந்த மண்ணின் சொல்லை ஏற்றது. நியூயார்க் பக்கத்துக் 'கில்' டச்சுக்காரருடையது. லூசியானாவின் 'பாயு' சோக்டாப் பழங்குடியினர் சொல். இங்கிலாந்தில் கடல்நீர் ஏறி இறங்கும் கழியான 'கிரீக்', அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நன்னீர் ஓடையாகிவிட்டது.

மாணவச் செல்வங்களே, எக்வால் செய்த பணி உங்களுக்காகவும் காத்திருக்கிறது. உங்கள் ஊர் வாய்க்கால், வடிகால், கண்ணாறு, ஓடை ஒவ்வொன்றின் பெயரையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய பத்திரங்களில் அப்பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தயங்க வேண்டாம், ஆங்கிலத்தின் நீர்ச் சொற்களில் நமக்கும் பங்கு உண்டு. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூலுடன் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வந்தது. அதில் 'ஆனிகட்' இடம்பெற்றிருக்கிறது. நம் அணைக்கட்டுதான் அது. 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் ஆர்தர் காட்டன் எழுப்பத் தொடங்கிய மேலணைக்கு அந்தப் பெயர். பிறகு அவரே கோதாவரியில் கட்டியதற்கும் அதே பெயர். தமிழ் வழங்காத பீகாரில், டெஹ்ரியில் சோன் ஆற்றை மறித்துக் கட்டியதையும் ஆங்கிலப் பொறியாளர்கள் 'சோன் ஆனிகட்' என்றே எழுதினார்கள்.