ஆனா (திரைப்படப் பாத்திரம்)

ஸ்பானிய இயக்குநர் விக்தோர் எரிசேயின் முதல் முழுநீளப் படமான 'தேன்கூட்டின் ஆவி'யின் (1973) மையப் பாத்திரம் ஆனா என்னும் சிறுமி. ஆபத்து இன்னதென்று அறியாத குழந்தைகள் கதைகளில் ஏராளம். அந்த அறியாமையை இத்தனை மரியாதையோடு அணுகிய படைப்புகள் குறைவு. வேடமேற்ற ஆனா தொரெந்த்துக்குப் படப்பிடிப்பின்போது ஆறு வயது. தனக்கொரு பெயர், பாத்திரத்துக்கொரு பெயர் என்பது அவளுக்குக் குழப்பமாக இருந்ததால், அந்தக் குடும்பத்தின் நால்வருக்கும் நடிகர்களின் சொந்தப் பெயர்களையே எரிசே வைத்தார்.

கதை 1940 வாக்கில், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, காஸ்டீல் சமவெளியின் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. தந்தை பெர்னாந்தோ தேனீ வளர்க்கிறார். தாய் தெரேசா தொலைவில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறாள். வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதே அரிது. அந்த ஊருக்கு லாரியில் ஒரு சினிமா வருகிறது: ஜேம்ஸ் வேலின் 'பிராங்கன்ஸ்டைன்' (1931). ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமி பயமே இல்லாமல் பூதத்துக்குப் பூ கொடுத்து, இருவருமாகப் பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். அடுத்துத் திரையில் தெரிவது மகளின் சடலத்தைத் தூக்கிவரும் தகப்பன். பூதம் அவளை நீரில் எறியும் கணம் நடுவில் இல்லை. அமெரிக்காவிலும் அது வெட்டப்பட்டு, 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. திரையைப் பார்க்கும் ஆனாவின் முகத்தில் தெரியும் திகைப்பு நடிப்பல்ல. நிஜமாகவே படம் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைக் கேமரா பதிவுசெய்தது.

ஏன் அவளைக் கொன்றது, அதை ஏன் கொன்றார்கள் என்று அக்காவிடம் கேட்கிறாள் ஆனா. சினிமாவில் எல்லாம் பொய், அது சாகவில்லை, அது ஒரு ஆவி, கண்ணை மூடிப் பெயரைச் சொன்னால் வரும் என்கிறாள் இசபெல். ஆனாவுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல. படத்தின் மற்ற எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்தே கிளைக்கிறது.

இரு சகோதரிகளையும் எதிரெதிரே வைத்ததில்தான் எரிசேயின் கூர்மை இருக்கிறது. இசபெலுக்குப் பயம் தெரியும், அதனால் அதை வைத்து விளையாடுகிறாள்: பூனையின் கழுத்தை நெரித்துப் பார்க்கிறாள், செத்ததுபோல் தரையில் கிடந்து தங்கையை ஏமாற்றுகிறாள். ஆனாவால் அப்படி விளையாட முடியாது. தண்டவாளத்தில் ரயில் நெருங்கும்போது அக்கா விலகிவிடுகிறாள். அவளோ அங்கேயே நின்று பார்க்கிறாள். நச்சுக்காளானை அடையாளம் காணத் தந்தை சொல்லிக்கொடுக்கிறார். ஆக எச்சரிக்கை அவள் காதில் விழாமல் இல்லை. எந்த மனிதனுக்கு அஞ்ச வேண்டும் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஆட்டுப்பட்டியில் காலில் காயத்தோடு ஒளிந்திருக்கும் மனிதனை ஆனா காண்பதும், ஆப்பிளும் அப்பாவின் கோட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதும் இதனால்தான். மரியாவுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேருமோ என்று பார்ப்பவருக்கு நெஞ்சு பதைக்கும். ஆனால் துப்பாக்கிக்கு இரையாவது அந்த மனிதன். அவன் யார், யாருக்கு அஞ்சி ஓடிவந்தான் என்பதைப் படம் சொல்வதில்லை. பிராங்கோ இன்னும் ஆட்சியிலிருந்த ஸ்பெயினில், தணிக்கையைத் தாண்டி வந்த படம் இது. குழந்தை கேள்வி கேட்கலாம், பதில் பெரியவர்களிடம் இருக்கிறது, அவர்கள் வாய் திறப்பதில்லை. போருக்குப் பிந்திய ஒரு நாட்டின் மௌனத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

இரத்தக்கறையைக் கண்டு ஓடிப்போகும் ஆனா, இரவில் நீர்நிலை ஓரம் பூதத்தைச் சந்திக்கிறாள். மறுநாள் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். மெல்ல மறந்துவிடுவாள் என்று மருத்துவர் தாயைத் தேற்றுகிறார். அவளை 'வெகுளி' என்ற ஒரே சொல்லில் அடக்குவது போதாது. அக்கா சொன்னதை இறுதிவரை உண்மையாக எடுத்துக்கொண்டு, அதன்படியே நடப்பவள் அவள்.

1973 சான் செபாஸ்தியான் விழாவில் படம் தங்கச் சிப்பி விருது பெற்றது. 2023இல் வெளியான எரிசேயின் 'கண்களை மூடு' படத்தில் ஆனா தொரெந்த் மீண்டும் நடித்தார். அதிலும் பாத்திரத்தின் பெயர் ஆனாதான்.