தீ தந்த தெரு

டோக்கியோவின் இகெபுகுரோ புகையிரத நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் கவாகோயே நகரை அடைந்துவிடலாம். காலையில் சென்று மாலையில் திரும்பும் பயணிகளில் பலர் அங்கு வாடகைக்குக் கிமோனோ எடுத்து அணிந்து வீதியுலா வருகின்றனர். அணியும்போது இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். மாறி வந்தால் அது பிணத்துக்குரிய உடை!

இந்நகருக்குச் 'சின்ன எடோ' என்று பெயர். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். ஆயினும், பயணிகள் வியந்து படம்பிடிக்கும் கருஞ்சுவர்க் கடைகளில் பெரும்பாலானவை எடோ காலத்தவை அல்ல. அக்காலம் 1868இல் முடிந்துவிட்டது. 1893 மார்ச்சில் மூண்ட பெருந்தீ நகரின் மூன்றிலொரு பங்கை, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை, விழுங்கியது. 1792இல் கட்டப்பட்ட ஒசாவா இல்லம் தடித்த மண்சுவர்களால் தப்பி நின்றது. அதைக் கண்ட வணிகர்கள் தம் கடைகளையும் களஞ்சியம் போல, களிமண்ணைப் பல அடுக்குகளாய் அப்பி, கனத்த ஓடு வேய்ந்து கட்டினர். அத்தகைய கடைகள் அன்று டோக்கியோவிலும் நிறைந்திருந்தன. 1923 பூகம்பமும் 1945 குண்டுவீச்சும் அவற்றை அழித்தன. மூலம் போயிற்று, பிரதி எஞ்சியது.

கிதா-இன் ஆலயத்தின் கதையும் இத்தகையதே. 1638இல் அது எரிந்தபோது, ஷோகன் இயெமிட்சு எடோ கோட்டையிலிருந்தே கட்டடங்களைப் பெயர்த்து அனுப்பினார். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும் அவற்றில் அடங்கும். 1657 தீயில் கோட்டையின் பெரும்பகுதி சாம்பலானது. அனுப்பியவை இங்கு நிலைத்தன.

உடையைப் பற்றி ஒன்று. 1872இல் அரசு மேலைநாட்டு உடையைச் சடங்கு உடையாக்கியது. அதிகாரிகள் மாறினர். கடைத்தெரு மக்களோ நெடுங்காலம் கிமோனோவிலேயே இருந்தனர். எனவே இத்தெருவுக்கு அவ்வுடை அந்நியமன்று.

தீக்குத் தப்பிய சுவர்களுக்கு நவீன வணிகமே அடுத்த ஆபத்தாயிற்று. வியாபாரம் புகையிரத நிலையப் பக்கம் நகர்ந்துவிட, பழந்தெரு வெறிச்சோடியது. அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. 1983இல் நகரத்தவர் 'களஞ்சியச் சங்கம்' அமைத்தனர். அதன்பின் 1992இல் மின்கம்பிகள் நிலத்தடிக்குச் சென்றன. 1999இல் அரசு இப்பகுதியைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. வாகனங்களை மட்டும் முற்றாக அகற்ற முடியவில்லை. கிமோனோ அணிந்தவர்கள் பேருந்துக்கு ஒதுங்கியே நடக்கின்றனர்.