குழலில் பொறித்த பெயர்

பென்சில்வேனியாவில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதற்சான்று அவர் செய்த துப்பாக்கியே. ஆயினும் அச்சான்று எளிதில் வாய் திறப்பதில்லை. பலர் தம் வேலையில் பெயர் பொறிக்கவில்லை. சிலர் முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டனர். தீக்கல்லை எஃகில் மோதிப் பொறி எழுப்பும் விசைப்பகுதி பலவேளை ஐரோப்பாவிலிருந்து வாங்கிப் பொருத்தப்பட்டதாகையால், அதில் காணும் பெயரைக் கொண்டு துப்பாக்கியைச் செய்தவர் இன்னார் என்று முடிவுகட்டினால் பிழை நேரும்.

பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரை அடுத்த கிறிஸ்டியன்ஸ் பிரன் (கிறிஸ்டியனின் ஊற்று) குடியிருப்புப் பட்டறையின் வரலாறு இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. அது ஜெர்மன் மொழி பேசிய புராட்டஸ்டண்டு சமயக் குழுவினரான மொரேவியர்க்கு உரியது. ஜெர்மனியின் ஸெல்லாவில் 1718இல் பிறந்து, 1750இல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஊருக்கு வந்த ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் இப்பட்டறையின் ஆசானாக விளங்கினார். அவரிடம் தொழில் பயின்ற கிறிஸ்டியன் எர்ட்டர் (1747–1777) பின்னர் அப்பொறுப்பை ஏற்றார். மொரேவியர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைப்பதும், அதை அடக்கத்தின்போது படிப்பதும் வழக்கமாதலால், பிறப்பு, பயணம், தொழில் ஆகியவற்றை அவர்தம் ஏடுகளிலிருந்தே அறிய முடிகிறது.

எனினும் ஒருவரது கைத்திறத்தை ஏடு காட்டாது. ஆல்பிரெக்டின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் மிக அரியவை. மாணவரோ குழலின்மேல் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பொறித்தார். எனவே, அவர் 1775இல் செய்த ரைஃபிள், அதாவது குண்டு சுழன்று நேராகப் பாயும்படி குழலின் உட்புறம் புரிபுரியாகப் பள்ளம் வெட்டிய துப்பாக்கி, ஆய்வாளர்க்கு அளவுகோலாகிறது: அதன் மரக்கட்டைச் செதுக்கலையும் பித்தளை வேலைப்பாட்டையும் பெயரற்ற பிற துப்பாக்கிகளோடு ஒப்பிட்டு, அவற்றின் காலத்தையும் மரபையும் கணிக்கின்றனர். ஆனால் ஒரே ஆசானிடம் பயின்றோரின் செதுக்கல் ஒருபடித்தாக அமைவதால், ஒப்புமை சுட்டுவது பட்டறையையே தவிர, தனியொருவரின் கையை அன்று.

அத்தகைய எர்ட்டர் ரைஃபிள் ஒன்று 1971இல் வேலி ஃபோர்ஜ் காட்சிக்கூடத்திலிருந்து களவுபோய், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே மீட்கப்பட்டது. மறைந்திருந்த அக்காலம் முழுவதும், பெயரற்ற துப்பாக்கிகளை நேரில் ஒப்புநோக்குவதற்கான அளவுகோல்களில் ஒன்று ஆய்வாளர் கைக்கு எட்டாமலே கிடந்தது.