வேலியோரப் பேச்சில் ஒரு மலையக வரலாறு

  

டிசம்பர் லீவு வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"நானா, ஒங்க பக்கம் பூப்பனி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அக்கா. போஞ்சி எல்லாம் கருகிப் போச்சு. லீக்ஸ் மட்டும் தப்பிச்சிருச்சு."

"புதினா இருந்தா வேரோட கொஞ்சம் தாங்க. நத்தாருக்கு கேக் அனுப்புறேன்."

முன்பு இது வேலிக்கு மேலால் நடந்தது. இப்போது பாதி கைபேசியில் நடக்கிறது. காலையிலேயே வெள்ளை படிந்த கரட் பாத்தியின் படம் ஒன்று வரும். அதற்குக் கீழே பத்துப் பேர் தங்கள் பாத்தியின் நிலையைச் சொல்வார்கள். பொங்கல் வரை இது ஓயாது. வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தப் பேச்சில் வரும் ஒவ்வொரு செடியும் எப்படி இங்கே வந்தது, யார் மண்ணில் நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தால் நம் ஊரின் வரலாறு பாதிக்கு மேல் வெளியே வரும். இந்த லீவில் அதைக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் பெயர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முட்டைக்கோஸ் என்பதை நாம் கோவா என்கிறோம். அது போர்த்துக்கேயரின் 'கோவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே பீன்ஸ், இங்கே போஞ்சி. அது ஒல்லாந்தரின் சொல். லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும் ஆங்கிலேயர் விட்டுப்போனவை. சிங்கள அயலவரும் ஏறத்தாழ இதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். நம்மை ஆண்ட மூன்று பேரும் ஒரே மரக்கறிக் கூடைக்குள் கிடக்கிறார்கள். செடிகளோ இன்னும் தூரத்திலிருந்து வந்தவை. உருளைக்கிழங்கும் மரத்தக்காளியும் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்குச் சொந்தம். சௌசௌ மெக்சிக்கோப் பக்கத்துக் கொடி. நம் லயத்துக் கூரையில் அது படர்ந்திருப்பதைப் பார்த்தால் ஆதியிலிருந்தே இங்கே இருந்ததுபோலத் தோன்றும்.

இவற்றை இந்தக் குளிருக்குக் கொண்டுவந்தவர்களின் கதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை வெள்ளைக்காரர் உடம்பு தேற்றும் இடமாக்கினார். 1848 இல் சாமுவேல் பேக்கர் இங்கே ஒரு ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கப் புறப்பட்டார். மாடு, ஆடு, கலப்பை, விதை, கொல்லன் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. ஓட்ஸ் போட்டார், மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன. உருளைக்கிழங்கு போட்டார், புழு தின்றது. பார்வைக்குக் கறுப்பாக இருந்த மண், எருப் போடாமல் எதையும் கொடுக்காது என்பதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். சில வருடங்களில் ஊரைவிட்டுப் போனவர், அந்த அனுபவத்தை 1855 இல் புத்தகமாகவும் போட்டார்.

1861 இல் ஹக்கலை பூங்கா தொடங்கியது. மலேரியாக் காய்ச்சலுக்கான சிங்கோனா மரத்தை வளர்ப்பதுதான் அதன் முதல் வேலை. ரோஜாவும் குளிர்நாட்டு மரங்களும் பிறகு சேர்ந்தன. 1881 இல் கொழும்பில் 'ட்ரொபிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' என்ற மாதப் பத்திரிகை வந்தது. தோட்டத்துரைமார் அதில் தங்கள் பயிர் அனுபவங்களைக் கடிதமாக எழுதினார்கள். ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நம்முடைய வேலியோரப் பேச்சும் அதுவும் ஒன்றுதான். அவர்களுடைய பேச்சு அச்சில் ஏறியது. நம்முடையது காற்றோடு போனது.

இதில் நானுஓயாவின் பங்கு என்ன? 1885 மே மாதம் ரயில் பாதை நமது ஊரைத் தொட்டது. 1893 இல் பாதை ஹப்புத்தளைக்கு நீளும் வரை, எட்டு வருடம், இந்த மலைப்பாதையின் கடைசி நிலையம் நானுஓயாதான். கொழும்பிலிருந்து வந்த அரிசி மூட்டையும் விதைப் பொட்டலமும் இங்கே இறங்கித்தான் வண்டியில் நுவரெலியாவுக்கு ஏறின. நம் கடைத்தெரு இந்த இறக்கி ஏற்றும் வேலையோடு வளர்ந்தது. 1903 டிசம்பரில், இதே குளிர் காலத்தில், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் அது கந்தப்பளை வழியாக இராகலைக்கும் போனது. 1940களில் அந்தப் பாதையின் காலம் முடிந்துவிட்டது. தேயிலை இறங்கிய அதே வழியில் கோவாவும் கரட்டும் கொழும்புச் சந்தைக்கு இறங்கின. இந்த ஊர் வழியாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உணவு போய்வந்திருக்கிறது.

இனி எழுதப்படாத பக்கத்துக்கு வருவோம்.

கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியிருத்தப்பட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு முற்றம், பக்கத்திலோ பின்னாலோ ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டில்தான் மல்லியும் முள்ளங்கியும் கீரையும் வந்தன. வேலை முடிந்து வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் கொத்தினார்கள். மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்டார்கள். பேக்கர் நட்டப்பட்டுக் கற்ற எருப் பாடம் கிராமத்திலிருந்து வந்த இவர்களுக்கு முதலே தெரிந்திருந்தது. கடைத்தெருவில் இருந்த எங்கள் மூத்தவர்களும் வீட்டுக்குப் பின்னால் புதினாவும் ரம்பையும் வைத்திருந்தார்கள். நோன்புக் கஞ்சிக்குப் போட்டது போக மிச்சம் லயத்துக்குப் போகும். அங்கிருந்து முள்ளங்கி வரும். மீப்பிலிமான பக்கத்துச் சிங்கள விவசாயி லீக்ஸ் நாற்றுக் கொடுப்பார். காசு கணக்கு அதில் கிடையாது.

அந்தத் துண்டு நிலம் யாருடையது? தோட்டத்துடையது. வேலை இருக்கும் வரைதான் வீடு. வீடு இருக்கும் வரைதான் பாத்தி. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி உத்தரவுப்பத்திரமும் எட்டாத பொருளானது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. அடுத்த வருடங்களில் மலைநாட்டு நிலையங்களில் எல்லாம் அழுகைச் சத்தம் கேட்டது. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறினார்கள். 1968 இல் தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அங்கேயும் குளிர், அங்கேயும் கரட், அங்கேயும் டிசம்பர் – ஜனவரியில் உறைபனி. இங்கே மிஞ்சியவர்களும் அங்கே போனவர்களும் பல வருடம் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். குளிர் எப்படி, பயிர் எப்படி என்ற விசாரிப்பு அவற்றிலும் இருந்திருக்கும்.

சின்னப் பாத்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பது கஷ்ட காலங்களில்தான் தெரியும். 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. கூப்பனும் கோதுமை மாவும் வந்தன. லயத்துச் சாப்பாட்டில் ரொட்டி அழுத்தமாக உட்கார்ந்தது. 1967 இல் அரசாங்கம் உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தது. நுவரெலியா மரக்கறிக்காரருக்கு அது நல்ல காலம். காணி உள்ளவர் கையில் காசு புரண்டது. தோட்டத்து ஆட்கள் அந்தக் காணிகளில் நாள் சம்பளத்துக்குக் கிழங்கு தோண்டினார்கள். 1973, 74 இல் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டு மாவும் கிடைக்காமல் போனபோது தோட்டங்களில் பட்டினியால் மக்கள் செத்தார்கள். இது நம் பெரியவர்கள் கண்ணால் கண்டது. அந்த நாட்களில் கீரைப் பாத்தி ஒரு பிள்ளையின் இரவுச் சாப்பாடு. கிட்டிய உதாரணமும் உண்டு. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடுத்தார்கள். நுவரெலியா விவசாயி தெருவில் இறங்கினார். 2022 இல் நாடு வங்குரோத்தான பிறகு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் காணி இல்லாதவர் எங்கே கொத்துவார்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலியோரம் பேசும்போது யார் என்ன நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சொந்தக் காணி உள்ளவர் பேரிக்காய் மரம் வைப்பார். பத்து வருடம் காத்திருப்பார். லயத்துப் பாத்தியில் பெரும்பாலும் மல்லி, முள்ளங்கி, கீரை, போஞ்சி. ஒரு மாதத்திலோ மூன்று மாதத்திலோ கைக்கு வருபவை. நாளைக்கு இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்ற சந்தேகம் அந்தத் தெரிவில் இருக்கிறது. காணி உறுதி இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்க நாங்கள் இந்தப் பாத்திகளைத்தான் காட்டுகிறோம்.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்த மிச்சப் பேருக்கும் குடியுரிமை கொடுத்தது. அதன் பிறகு பேச்சு காணிக்கு வந்தது. முதலில் 7 பேர்ச்சஸ் என்றார்கள், இப்போது இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் 10 பேர்ச்சஸ் என்கிறார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் 10,000 வீடுகளை அறிவித்தபோது நம்மில் பலர் அந்தக் கூட்டத்தில் நின்றோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குச் சற்று மேல். 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, வழி, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் எல்லாம் போக ஆயிரம் சதுர அடி மிஞ்சினால் பெரிய காரியம். அந்த ஆயிரம் அடியிலும் சரிவும் கல்லும் உண்டு. ஆனாலும் உறுதிப் பத்திரம் கையில் இருந்தால் அங்கே ஒரு மரம் வைக்கலாம். அதுதான் வித்தியாசம். ஆகவே வீடு மட்டும் தந்தால் போதும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. உறுதியையும் கேட்போம், கொத்துவதற்கு ஒரு துண்டையும் கேட்போம்.

லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை. இதற்குப் புள்ளி இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். முதன்முதலில் நீங்கள் நட்டது என்ன? அந்த விதையை யார் தந்தார்? அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது? பதிலை அவர் சொல்கிற மாதிரியே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். துரைமாருக்குப் பத்திரிகை இருந்தது. நமக்குப் பிள்ளைகளின் கொப்பி இருக்கிறது. விருப்பமானால் கீழே பின்னூட்டத்திலும் எழுதலாம்.

கடைசியாக, பூப்பனி பற்றி. வானம் தெளிந்து காற்றும் நின்ற இரவில் நிலத்துச் சூடு மேலே போய்விடும். அப்போது புல்லிலும் இலையிலும் படிந்த ஈரம் உறையும். இரவில் வானத்தில் நட்சத்திரம் அதிகம் தெரிந்தால் அன்று கவனம். பாத்தியைச் சாக்கால் மூடுங்கள். மறந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். புதினா வேர் தேவைப்படுபவர்கள் சொல்லுங்கள்; எங்களிடம் இருக்கிறது.