விரிவாக்கம்: எதை விரித்தார்கள்?

தமிழ்நாட்டில் எந்த ஒன்றியத் தலைமையிடத்துக்குப் போனாலும் 'வேளாண்மை விரிவாக்க மையம்' என்ற பலகையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே விதை வாங்கப் போகும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "டிப்போல கோ 51 வந்திருக்காம்" என்றுதான் சொல்வார்கள். டிப்போ என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. விதையும் உயிர் உரமும் இருப்பு வைத்துக் கொடுக்கும் இடம் அது. பலகையில் எழுதியிருக்கும் சொல்தான் விளங்குவதில்லை. விரிவாக்கம் என்றால் எதை விரிவாக்குவது?

பள்ளியில் தொகையை விரிக்கக் கற்றிருக்கிறோம். மறைந்து நிற்கும் உருபையும் பயனையும் வெளியே கொண்டுவந்தால் 'பால்குடம்' பாலைக் கொண்ட குடமாகும். அதே வழக்கில் 'வேளாண் விரிவாக்கம்' என்பதை விரிக்கச் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் 'வேளாண்மையை விரிவாக்குதல்' என்பார்கள். தரிசைத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவருவது என்று பொருள் கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டக்கலைத் திட்டங்களில் 'பரப்பு விரிவாக்கம்' என்று ஓர் இனம் இருக்கிறது. அங்கே விரிவது நிஜமாகவே நிலப்பரப்புதான். ஊர் எல்லையில் புதிதாக மனை போட்டால் அதுவும் 'நகர் விரிவாக்கம்'. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டாலும் விடிவில்லை. அரசு அலுவலகத்தில் 'எக்ஸ்டென்ஷன்' என்று சொன்னவுடன் எல்லார் நினைவுக்கும் வருவது ஓய்வு வயதில் கிடைக்கும் பணி நீட்டிப்புதான்.

இந்த விரிவாக்கத்தில் முதலில் விரிந்தது பயிரும் இல்லை, நிலமும் இல்லை. பல்கலைக்கழகம்தான் விரிந்தது.

1850-இல் வில்லியம் சீவெல் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர், பல்கலைக்கழகத்தை விரிவாக்குவது பற்றிச் சில யோசனைகள் என்ற பொருளில் துணைவேந்தருக்கு ஒரு சிறு நூல் எழுதினார். மாணவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகத்துக்கு வர முடியாது என்றால், பல்கலைக்கழகம் அவர்களிடம் போகலாமே என்பது அவர் வாதம். அந்த யோசனை தூங்கியது. அதை நடத்திக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1867-இல் லீட்ஸ், லிவர்பூல், ஷெஃபீல்டு, மான்செஸ்டர் நகரங்களில் பெண்களுக்கு விரிவுரை நிகழ்த்த அவரை அழைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்காத காலம் அது.

அதற்கு அடுத்து ராச்டேல் என்ற நெசவு ஊரில் நடந்ததை ஸ்டூவர்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே கூட்டுறவுச் சங்கத்தின் கூடத்தில் தொழிலாளர்களுக்கு விரிவுரை. சுவரில் வரைபடங்களைத் தொங்கவிட்டுப் பேசினார். அடுத்த விரிவுரை வரை அவற்றைக் கழற்றாமல் அப்படியே விட்டுவைக்கும்படி கூடத்துக் காவலரிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது, இடைப்பட்ட நாட்களில் படங்களைப் பார்த்தவர்கள் கேள்விகளோடு காத்திருந்தார்கள். விரிவுரையோடு சேர்த்து உட்கார்ந்து பேசும் வகுப்பு என்ற வழக்கம் அதிலிருந்துதான் உண்டாயிற்று என்பது அவர் சொல்வது. 1873-இல் கேம்பிரிட்ஜ் இந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 'பல்கலைக்கழக விரிவாக்கம்' என்ற பெயர் அதிகாரபூர்வமாக வழக்குக்கு வந்தது அப்போதுதான். ஆக, முழுத் தொகை 'பல்கலைக்கழகத்தின் விரிவாக்கம்'. ஆறாம் வேற்றுமை. வேளாண்மைக்கு அதில் இடமே இல்லை.

பெயர் பிறக்கும் முன்பே வேலை பிறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்து பட்டினியில் வாடியபோது, வைசிராய் கிளாரண்டன் பிரபு 1847-இல் ஒரு வேளாண் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, ஊர் ஊராகச் சென்று சாகுபடி கற்பிக்கும் போதகர்களை அமர்த்தச் செய்தார். இன்றைய விரிவாக்கத்தின் எல்லா அடையாளங்களும் அதில் உண்டு. பெயர் மட்டும் இல்லை. அவர்களை இன்ஸ்ட்ரக்டர் என்றார்கள். இலங்கைத் தமிழில் இன்றும் அந்தப் பதவிக்கு 'விவசாயப் போதனாசிரியர்' என்றுதான் பெயர். போதிப்பவர் என்ற மதிப்பு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதே வேலையைப் பார்ப்பவர் 'அலுவலர்' ஆகிவிட்டார். இரண்டில் எது நல்ல தமிழ் என்று கேட்டால் நான் தயங்காமல் இலங்கைப் பக்கம் நிற்பேன்.

அமெரிக்காவுக்கு இந்தப் பெயர் 1890 வாக்கில் கப்பலேறியது. பிலடெல்பியாவில் பல்கலைக்கழகப் போதனையை விரிவாக்க ஒரு சங்கம் உருவாயிற்று. 1892-இல் திறந்த சிகாகோ பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே விரிவாக்கப் பிரிவு ஒன்றை வைத்துக்கொண்டது. வேளாண்மை உள்ளே நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். நியூயார்க் மாநிலத்தின் சடாக்குவா வட்டாரத்தில் திராட்சை பயிரிட்டவர்கள் நோயாலும் பூச்சியாலும் தவித்தபோது, மாநில அரசு 1894-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு 8,000 டாலர் ஒதுக்கியது. விஞ்ஞானிகள் தோட்டத்துக்குப் போனார்கள். 'பல்கலைக்கழக' என்ற அடைமொழி மெல்லக் கழன்று 'வேளாண்' என்ற அடைமொழி ஏறியது. தொகையின் முன்சொல் மாறியதும் வேற்றுமையும் மாறியது. இப்போது அது 'வேளாண்மைக்கான பல்கலைக்கழக விரிவாக்கம்' என்பதன் சுருக்கம். நடுவில் இருந்த பல்கலைக்கழகம்தான் தொக்கி நிற்கிறது.

இதே காலத்தில் தெற்கே இன்னொரு சொல் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது: டெமான்ஸ்டிரேஷன், நம் 'செயல்விளக்கம்'. 1903-இல், எழுபதை நெருங்கிய சீமன் நாப் என்பவர், டெக்சாஸில் டெரல் என்ற ஊருக்கருகே வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் நிலத்திலேயே புதிய முறையைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் திரட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பணத்தைத் தொடும் தேவை வரவில்லை. பருத்திக் காய்க் கூன்வண்டு டெக்சாஸ் பருத்தியை அழித்துக்கொண்டிருந்த நேரம். அதனால் செய்தி வேகமாகப் பரவியது. 1906 நவம்பரில் டெக்சாஸின் ஸ்மித் கவுண்டிக்கு ஸ்டாலிங்ஸ் என்பவர் இந்தச் செயல்விளக்க வேலைக்கு ஏஜென்டாக அமர்த்தப்பட்டார். ஒரே ஒரு கவுண்டிக்கென்று அமர்த்தப்பட்ட முதல் ஆள் அவர்.

அதே மாதத்தில் அலபாமாவின் டஸ்கீகியில் தாமஸ் மன்ரோ கேம்பெல் அமர்த்தப்பட்டார். கறுப்பின விவசாயிகளிடம் போன முதல் ஏஜென்ட் அவர். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த 'ஜெசப் வண்டி'யை அவர் ஓட்டிச் சென்றார். கோவேறு கழுதைகள் இழுத்த அந்த வண்டியில் கலப்பைகள், பால் சோதிக்கும் கருவி, பாலாடை பிரிக்கும் இயந்திரம், வெண்ணெய் கடையும் பாத்திரம் எல்லாம் இருந்தன. வண்டி நின்ற இடம்தான் வகுப்பறை. சீவெல் காகிதத்தில் எழுதியதற்கு இதைவிட நேரடியான உருவம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிகள் 'விரிவாக்கம்' என்றன, நாப்பின் ஆட்கள் 'செயல்விளக்கம்' என்றார்கள். 1914 மே 8-இல் கையெழுத்தான ஸ்மித்–லெவர் சட்டம் இரண்டையும் ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்தது. கல்லூரியில் சேர்ந்தோ தங்கியோ படிக்காத மக்களுக்காக என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கேம்பிரிட்ஜின் பழைய பொருள் சட்ட வாசகத்தில் அப்படியே தங்கிவிட்டது. பெயரில் வென்றது கல்லூரிகளின் சொல். 'செயல்விளக்கம்' பெண் ஊழியர்களின் பதவிப் பெயரில் மட்டும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் 'கோஆப்பரேட்டிவ்' என்ற அடைமொழியையும் சேர்த்தது. இதைக் கூட்டுறவுச் சங்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொண்டு கல்லூரியோடு சேர்ந்து நடத்துவது என்பதே அதன் பொருள். கவுண்டிகளின் பங்கும் சேர்ந்துகொண்டது. ஊழியர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்ள 1963-இல் தொடங்கிய இதழின் பெயரிலும் முதலில் இந்த அடைமொழி இருந்தது. சில ஆண்டுகளிலேயே அதை விட்டுவிட்டார்கள்.

இனி ஆட்களின் பெயர். 'ஏஜென்ட்' என்ற சொல் தமிழ்க் காதுக்கு எல்.ஐ.சி. பாலிசியோடுதான் வரும். அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களும் அதை விரும்பிவிடவில்லை. கலிபோர்னியா 1913-இல் ஆள் எடுத்தபோதே 'பண்ணை ஆலோசகர்' என்று பெயர் வைத்தது. இன்று பல மாநிலங்களில் அவரே 'எஜுகேட்டர்'. அலுவலகத்தின் பெயரும் நிலையாக இல்லை. அயோவா 'விரிவாக்கம்' என்பதோடு 'அவுட்ரீச்' என்று இன்னொரு சொல்லை ஒட்டிக்கொண்டது. டெக்சாஸ் 'அக்ரிலைஃப்' என்று புதுச்சொல் ஒன்றைக் கட்டி முன்னால் வைத்தது. நூறாண்டு கழிந்தும் பெயர் தானே விளங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மற்ற மொழிகள் இந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு போயின. டச்சு மொழியில் இந்த வேலைக்கு 'முன்னே விளக்குப் பிடித்தல்' என்ற கருத்துள்ள சொல். இந்தோனேசியச் சொல்லுக்குள் தீப்பந்தம் இருக்கிறது. ஜெர்மானியர்கள் 'ஆலோசனை' என்று முடித்துக்கொண்டார்கள். மலையாளத்தில் 'விஞ்ஞான வியாபனம்'. எது பரவுகிறது என்ற கேள்வியை முன்சொல்லிலேயே தீர்த்துவிட்டார்கள். அறிவு பரவுகிறது, அவ்வளவுதான்.

நம்மிடம் இந்தப் பெயர் வந்த வழி வேறு. சென்னை மாகாண வேளாண் துறையில் ஊர்களுக்குப் போனவர்களின் பதவி 'டெமான்ஸ்டிரேட்டர்'. 1926-28 வேளாண்மை ராயல் கமிஷன் தன் அறிக்கையில் இந்த வேலைக்குச் 'செயல்விளக்கமும் பிரசாரமும்' என்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. பிரசாரம் என்ற சொல் போர்க்காலத்தில் கெட்டுப்போனதால் அதற்கு மாற்று தேவைப்பட்டது. வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைந்த அதிக உணவு உற்பத்தி விசாரணைக் குழு 1952-இல் நாடு முழுவதற்கும் ஒரு 'எக்ஸ்டென்ஷன்' அமைப்பு வேண்டும் என்றது. 1953 அக்டோபர் 2-இல் தேசிய விரிவாக்கப் பணி தொடங்கியது. ஏறத்தாழ 100 கிராமங்கள் ஒரு பிளாக், அதற்குப் பத்து கிராம சேவக்குகள் என்பது கணக்கு. இந்த இடத்தில்தான் பெயர் தன் தாயை விட்டுப் பிரிந்தது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் கையாக இருந்த வேலை இங்கே அரசுத் துறையின் கையானது. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். விரிய வேண்டிய பல்கலைக்கழகம் அந்தச் சொல்லின் பின்னால் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமே பிறந்தது 1971-இல்தானே.

சேவக் என்றவர் பிறகு அலுவலரானார். எண்பதுகளில் உலக வங்கியின் 'பயிற்சியும் பார்வையிடலும்' முறை வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊழியருக்குப் பயிற்சி, மற்ற நாட்களில் வரிசைப்படி கிராமம் என்று அட்டவணை போட்டது. தொடர்ந்து கற்காத ஊழியர் சொல்ல ஏதும் இல்லாதவர் என்பதை அந்த முறை சரியாகவே பிடித்துக்கொண்டது. இன்று உதவி வேளாண்மை அலுவலரை ஊரில் 'அக்ரி சார்' என்கிறார்கள். அவருக்குப் பயிற்சி தரும் மாநில நிலையம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ள ஊர் அது. அந்தக் கல்வெட்டும் மாணாக்கர் நலனுக்காகப் பொறித்ததாகவே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இடம் தேர்ந்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

தமிழில் இன்னொரு வேடிக்கை உண்டு. கல்லூரிக்குள் நடப்பது 'விரிவுரை', வெளியே நடப்பது 'விரிவாக்கம்'. ஆங்கிலத்தில் உறவே இல்லாத இரண்டு சொற்கள் தமிழில் ஒரே 'விரி'யில் பிறந்த உடன்பிறப்புகள். ஸ்டூவர்ட் முதலில் வெளியே கொண்டுபோனதும் விரிவுரையைத்தான். இந்த உறவை நம்மில் அன்றாடம் காண்பவர்கள் வேளாண் அறிவியல் நிலையத்தினர். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியபோது, அது கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் இருந்தது. அந்தப் பெயரில் 'விரிவாக்கம்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் கோவைப் பல்கலைக்கழகம் நடத்தும் நிலையங்களில், கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த உதவிப் பேராசிரியர் இடமாறுதலில் வந்து சேர்கிறார். பதவிப் பெயர் மாறாமல், நெல் வயலின் வரப்பில் நின்று இலைச்சுருட்டுப் புழுவைக் காட்டுகிறார். 1873-இல் கேம்பிரிட்ஜ் வைத்த பெயருக்கு உரிய வேலையைச் செய்பவர் அவர்தான்.